குயின்ஸ்பே எழுந்தது, பழைய மால்கள் ஏன் எழவில்லை?

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பினாங்கில் குயின்ஸ்பே மால் இருக்கும் இடத்தில் முன்பு பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம் பல வருஷம் கிடந்தது என்று அப்பா சொல்கிறார். அது எப்படி இவ்வளவு பெரிய மாலாக மாறியது? அப்படியென்றால் கொம்தார் போன்ற பழைய இடங்களை ஏன் யாரும் அதேபோல் தூக்கி நிறுத்தவில்லை? என் சித்தப்பா டவுனில் ஒரு பழைய வளாகத்தில் 90களில் கடை வாங்கினார். இப்போது பூட்டியே கிடக்கிறது. வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?"

அப்பா சொல்வது உண்மைதான். குயின்ஸ்பேவுக்கு முன் அந்தத் திட்டத்தின் பெயர் பாயான் பே. 90களில் தொடங்கினார்கள். 1997 பொருளாதார நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, வெறும் தூணும் தளமுமாக வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு சிபி குரூப் என்ற மேம்பாட்டு நிறுவனம் அதைக் கையிலெடுத்து, பெயரை மாற்றி, கட்டி முடித்து, 2006 டிசம்பரில் திறந்தது.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பினாங்கில் கட்டட நிர்வாகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். ஒரு மால் விழுந்தபின் மறுபடி எழுமா எழாதா என்பது, பெரும்பாலும் அதன் கடைகள் எத்தனை பேர் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நல்ல இடமா, அழகான கட்டடமா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். இதை விளக்க, முதலில் அந்த வட்டாரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1969 வரை பினாங்குக்குச் சோறு போட்டது துறைமுகம். அந்த வருஷம் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. வேலை தேடி இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். அதே 1969இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் காலத்தில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் என்று மற்றவர்களும் வந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கத்தான் பாயான் பாரு என்ற புதுநகரமே எழுந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கம்பெனிப் பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அந்தத் தொழிற்சாலைகளில் நின்றவர்களில் நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவோ பேர். தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து விடியுமுன் ஃபேக்டரி பஸ் பிடித்து, 1985இல் பாலம் திறக்கும்வரை ஃபெரியிலும் ஏறி இறங்கி, மூன்று ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்து, ஓவர்டைம் காசில் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தவர்கள். பால்மரக் காட்டில் அப்பா அம்மாவுக்குக் கிடைத்தது நாள்கூலி. மகள் கையில்தான் முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது. அவர்களில் பலர் பின்னாளில் சுங்கை ஆரா, ரெலாவ், சுங்கை நிபோங் பக்கமாக வீடு வாங்கிக் குடியேறினார்கள். தீவின் தென்பகுதியில் ஒரு பெரிய மாலுக்கு வாடிக்கையாளர்கள் உருவானது இப்படித்தான்.

குயின்ஸ்பே வாசலில் நின்று கடலைப் பார்த்தால் எதிரே தெரிவது ஜெரெஜாக் தீவு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் வந்த நம் முன்னோர்கள் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அந்தத் தீவில்தான் தனிமைப்படுத்தப்பட்டார்கள். தொழுநோயாளிகளுக்கான இல்லமும் அங்கே இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. வார இறுதியில் பிள்ளைகளோடு மாலுக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் கைநீட்டிக் காட்டிச் சொல்ல வேண்டிய கதை அது.

சரி, மாலுக்கு வருவோம். 80களில் சம்பள நாளன்று எல்லாரும் டவுனுக்கு, அதாவது ஜார்ஜ்டவுனுக்குத்தான் போவார்கள். துணிக்கும் நகைக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட், மற்றதற்கெல்லாம் கொம்தார். 65 மாடிக் கோபுரமும் அதன் அடியில் கடைத்தொகுதியுமாக, 1974இல் தொடங்கி 80களின் நடுவில் முடிந்த கட்டடம் அது. யாவோஹான் என்ற ஜப்பானியப் பேரங்காடி அங்கே வந்தபோது தீவே திரண்டு போய்ப் பார்த்தது. தென்பகுதியில் பாயான் பாருவில் சன்ஷைன் ஸ்குவேர் இருந்தது. பிறகு பனிச்சறுக்குத் தளத்தோடு புக்கிட் ஜம்புல் வளாகம் வந்தது. பாயான் பே அவற்றையெல்லாம் தாண்டிய கனவு. கடலோரமாக மால், ஹோட்டல், அடுக்குமாடி வீடுகள் என்று ஒரு குட்டி நகரத்தையே எழுப்பத் திட்டமிட்டார்கள்.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்க விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4 ரிங்கிட் 80 காசைத் தாண்டியது. வங்கிகளின் அடிப்படை வட்டி 12 விழுக்காட்டுக்கு மேல் போனது. செப்டம்பரில் அரசாங்கம் ரிங்கிட்டை 3.80இல் கட்டிப்போட்டது. அந்த ஒரே வருஷத்தில் நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

மால் கட்டுவது வீடு கட்டுவதுபோல் அல்ல. வீடமைப்பில், வாங்குகிறவர்கள் கட்டடம் எழும்ப எழும்பத் தவணை கட்டிக்கொண்டே வருவார்கள். மேம்பாட்டாளர் அந்தப் பணத்தைப் புரட்டி மேலே கட்டுவார். வாடகைக்கு விடும் மாலில் கடைசி விளக்கு எரிந்து கதவு திறக்கும்வரை ஒரு காசு வரவு கிடையாது. அதுவரை ஓடுவதெல்லாம் வங்கிக் கடன். வட்டி இரட்டிப்பானால், வங்கி அடுத்த தவணையை நிறுத்தினால், கான்கிரீட் லாரி மறுநாளே வராது. கிரேன் அசையாமல் நிற்கும். நாடு முழுக்க அப்போது நடந்தது இதுதான். வாராக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கித் தீர்க்கவென்றே 1998இல் டனாஹர்த்தா என்ற நிறுவனத்தை அரசாங்கம் அமைக்க வேண்டி வந்தது.

நின்றுபோன கட்டடம் சும்மா நிற்காது, அரித்துக்கொண்டே இருக்கும். கடலோரம் என்றால் இன்னும் மோசம். அடுத்த தளத்துக்காகத் தூண் தலையில் நீட்டிவிட்ட கம்பிகள் உப்புக்காற்றில் துரு ஏறும். துரு ஏறிய கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அடித்தளத்தில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். இப்படிப்பட்ட ஒன்றை வாங்க வருகிறவர் முதலில் பொறியாளரைக் கூட்டிவருவார். தூணில் உருளை உருளையாகத் துளைத்து மாதிரி எடுத்து, எவ்வளவு பாரம் தாங்கும், உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கம்பியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். பலவீனமான தூணுக்கு மேலே இன்னொரு சட்டைபோலக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றலாம். அதற்கு ஆகும் செலவு புதிதாகக் கட்டுவதைவிடக் குறைவா என்பதில்தான் முடிவு இருக்கிறது. இடித்துவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இடிப்பதும் லேசான காரியமல்ல. பெட்டாலிங் ஜெயா 14ஆம் செக்‌ஷனில் 1974 முதல் இயங்கிய ஜெயா சூப்பர்மார்க்கெட்டை 2009 மே மாதம் இடித்துக்கொண்டிருந்தபோது கட்டடம் சரிந்து 7 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2014இல் அதே இடத்தில் புது மால் திறந்தது. அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த 7 பேரைப் பற்றித் தெரியும் என்பது வேறு விஷயம்.

பாயான் பே கிடந்த அந்த வருஷங்களில் அதைச் சுற்றி ஊர் மாறிக்கொண்டிருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய கட்டடங்களின் வாடகையை ஏற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் இல்லாமல் போனது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற வேண்டி வந்தது. நம் மக்களிலும் நிறையப் பேர் அப்போதுதான் டவுனை விட்டுக் கிளம்பினார்கள். போனவர்கள் எங்கே போனார்கள்? ஆயர் ஈத்தாம், ஃபார்லிம், ரெலாவ், பாயான் பாரு. டவுனின் கடைகள் இழந்த வாடிக்கையாளர்களைப் புறநகர் பெற்றது. பொருளாதாரச் சரிவிலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மூடவில்லை. ரிங்கிட் விழுந்ததால் ஏற்றுமதிக்கு நன்மைகூட இருந்தது. கடலோர விரைவுச்சாலை பாலத்தடியிலிருந்து டவுன்வரை நேராக ஓடியது. ஆக, திட்டம் முதலில் போட்டபோது இருந்ததைவிட அந்த இடத்துக்கு மவுசு கூடியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டடத்தை மொத்தமாக ஒரு கை வாங்க முடிந்தது. சிபி குரூப் தனக்குத் தோன்றியபடி பெயரை மாற்றியது. யார் வர வேண்டும், எந்தத் தளத்தில் எது என்று தானே தீர்மானித்தது. தீவின் முதல் ஜஸ்கோ பேரங்காடியைக் கொண்டுவந்தது. 2012இல் இயோன் என்று பெயர் மாறிய அதே கடைதான். தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட பெரிய கடையை ஆங்கர் என்பார்கள். சதுர அடிக்கு மற்றவர்களைவிடக் குறைந்த வாடகை கொடுக்கும். ஆனால் அது வரும் என்று உறுதியானால்தான் சின்னக் கடைகள் கையெழுத்துப் போடும். திறந்த நாளில் கூட்டம் நெரிந்தது நினைவிருக்கிறது. ரேப்பிட் பினாங்கு பஸ் வருவதற்கு முந்தைய வருஷம் அது. அதற்குள் பார்க்கிங் போதவில்லை.

அப்புறம் அது கைமாறிக்கொண்டே வந்தது. 2011இல் சிங்கப்பூரின் கேப்பிட்டாலேண்ட் குழுமம் குயின்ஸ்பேயின் கடைப்பரப்பில் 91.8 விழுக்காட்டை வாங்கியது. 2023இல் அந்தப் பங்கு கேப்பிட்டாலேண்ட் மலேசியா டிரஸ்ட் என்ற ரீட் நிறுவனத்துக்கு 99 கோடி ரிங்கிட்டுக்குப் போனது. கர்னி பிளாசாவும் அதே ரீட்டின் கையில்தான் இருக்கிறது. ரீட் என்பது பலருடைய பணத்தைத் திரட்டிக் கட்டடம் வாங்கி, வாடகையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் அமைப்பு. வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தால் அதற்கு வருமான வரி இல்லை. ஆக, கடைகள் நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

அந்த 91.8 என்ற எண்ணைக் கவனியுங்கள். நூறு அல்ல. மீதி 8.2 விழுக்காடு வேறு உரிமையாளர்களிடம் இருக்கிறது. என்றாலும் பெரும்பகுதி ஒரு கையில் இருப்பதால் மால் ஒழுங்காக ஓடுகிறது. இதே ரீட் கோலாலம்பூரில் சுங்கை வாங் பிளாசாவில் ஏறக்குறைய 62 விழுக்காட்டை வைத்திருக்கிறது. 1977இல் திறந்து கோலாலம்பூரையே கட்டிப்போட்ட இடம். 62 விழுக்காடு கையில் இருந்தும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவர்கள் படாதபாடு படுகிறார்கள். மீதி 38ஐப் பல பேர் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரே உரிமையாளர் உள்ள மாலில் நாள்தோறும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருஷம். அடிப்படை வாடகையோடு விற்பனையில் ஒரு விழுக்காடும் கொடுக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். கல்லாவில் விழும் ஒவ்வொரு விற்பனையும் நிர்வாகத்துக்குத் தெரியும். ஒரு தளத்தில் காலணிக் கடைகள் நான்கு சேர்ந்து நாலும் நொண்டினால், ஒப்பந்தம் முடியும்போது இரண்டைத் தூக்கிவிட்டு உணவுக்கடை வைப்பார்கள். வாடகையோடு ஏ அண்ட் பி என்று விளம்பரத்துக்குத் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார்கள். தீபாவளிக்கு நடுக்கூடத்தில் போடும் அரிசிக் கோலத்துக்குக் காசு வருவது அதிலிருந்துதான். முந்தைய நாள் இரவு மால் மூடியபிறகு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, சாயம் ஏற்றிய அரிசியை நிறம் நிறமாகப் பிரித்து வைத்து, சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஏசியை அணைத்துவிடச் சொல்வார்கள், காற்றில் அரிசி சிதறும் என்பதால். காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும். இதற்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரே ஒரு மேலாளர் போதும்.

பல உரிமையாளர் வளாகத்தில் அந்தக் கையெழுத்தைப் போட ஆள் இல்லை. கடைகளைத் தனித்தனிப் பட்டாவாக விற்றுவிட்ட மேம்பாட்டாளர் பணத்தோடு போய்விடுவார். பொதுவிடங்களைப் பார்த்துக்கொள்வது உரிமையாளர்களின் நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. ஆனால் எந்தக் கடையில் யார் என்ன விற்பது என்பதை அந்தக் கழகம் தீர்மானிக்க முடியாது. அது ஒவ்வொரு உரிமையாளரின் உரிமை. யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கு விடுவார். ஒரே வரிசையில் பத்துக் கைப்பேசிக் கடை வரும். ஒரு பெரிய கடையை வரவழைக்க வேண்டுமென்றால் நாற்பது ஐம்பது சின்னக் கடைகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நாற்பது ஐம்பது பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியொரு வளாகத்தின் ஆண்டுக்கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். சில்லர் என்று சொல்லும் குளிரூட்டும் பெரிய இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கு. மண்டபத்தில் காத்தாடி வைத்திருந்தார்கள். உரிமையாளர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது விதி. பாதி வரவில்லையென்றால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்து நடத்தலாம். அரை மணி கழித்து எண்ணினால் முன்வரிசைகூட நிறையவில்லை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்று அறிவித்தபோது அதிலும் சிலர் எழுந்து பின்னால் போனார்கள். ஒருவர் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். இன்னொரு கடையின் சொந்தக்காரர் சிங்கப்பூரில். ஒருவர் இறந்து பல வருஷமாகியும் பிள்ளைகள் சொத்தைப் பெயர் மாற்றவில்லை. ஒரு பாட்டிம்மா எழுந்து, "ஏசி இல்லாமல் யார் வருவாங்க, ஆள் வராமல் நான் எதைக் கொண்டு கட்டணம் கட்டறது?" என்று கேட்டார். செயலாளர் உடனே, "நீங்க கட்டாமல் நான் எதைக் கொண்டு ஏசி போடறது?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அன்றைக்குச் சில்லருக்கு முடிவு எதுவும் எடுக்காமலேயே கலைந்தார்கள்.

கொம்தாருக்கு வாருங்கள். அதன் கடைகளில் பல 70களிலும் 80களிலும் தனியாருக்கு விற்கப்பட்டவை. யாவோஹானின் ஜப்பானியத் தாய் நிறுவனம் 1997இல் திவாலானது. அதே யாவோஹான் கோலாலம்பூரில் புத்ரா உலக வணிக மையத்துக்கு எதிரே இருந்த தி மாலிலும் இருந்தது. அங்கேயும் ஆங்கர் போனபிறகு மால் தேய்ந்தது. ஆனால் தி மாலும் அதோடு சேர்ந்த ஹோட்டலும் அலுவலகமும் மொத்தமாக 2011இல் ஏலத்துக்கு வந்தன. சன்வே ரீட் 51 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து எடுத்தது. 2013இல் கதவை மூடி, உள்ளே எல்லாவற்றையும் உடைத்துக் கட்டி, 2015இல் சன்வே புத்ரா மால் என்று திறந்தது. ஒரே ஆங்கர், ஒரே வீழ்ச்சி. ஒன்றை முழுசாக மூடிப் புதுப்பிக்க முடிந்தது. மற்றதில் ஒரு கடை திறந்தும் அடுத்த கடை பூட்டியும் நாள் ஓடுகிறது. கொம்தாருக்குள்ளேயே இன்னொரு சான்றும் உண்டு. கோபுரத்தின் உச்சி மாடிகள் சிதறாமல் இருந்ததால் அவற்றை ஒரே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட முடிந்தது. 2016இல் தி டாப் என்ற சுற்றுலாத் தலம் அங்கே வந்தது. கோபுரத்தின் தலை பிழைத்தது, கடைத்தொகுதி பிழைக்கவில்லை. கட்டடம் ஒன்றுதான், பட்டாக்கள்தான் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1985ஆம் வருஷத்து ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டத்தின்படி இப்படிப் பிரித்து விற்ற ஒரு கட்டடத்தை மறுபடி ஒன்றாக்க அத்தனை உரிமையாளர்களும் ஏகமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் முடியாது. சிங்கப்பூரில் 1999 முதல் பத்து வருஷத்துக்கு மேலான கட்டடத்துக்கு 80 விழுக்காடு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அங்கே பழைய வளாகங்கள் வரிசையாக விற்றுப் புதிதாக எழுவதற்குக் காரணம் அதுதான். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவில், 30 வருஷத்துக்குட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கும் ஆபத்தானதற்கும் 51 என்று இருந்தது. அதைப் பற்றி நாடு முழுக்கப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ஏழைகளை நகரத்திலிருந்து விரட்டிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஒரு கோலாலம்பூர் அடுக்குமாடியில் முப்பது வருஷம் இருந்த குடும்பத்திடம் "75 விழுக்காடு சேர்ந்துவிட்டது, கிளம்பு" என்று சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். தோட்டத்திலிருந்து ஒருமுறை, ஸ்குவாட்டர் கம்பத்திலிருந்து ஒருமுறை என்று ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள் நம்மவர்கள்.

ஆனால் செத்துப்போன மாலில் இருக்கும் கடை யாருடைய வீடும் அல்ல. அங்கே ஒருவர் மறுப்பதால் முந்நூறு பேரின் முதலீடு முடங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் சட்டம் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைவளாகங்களுக்கு மட்டுமாவது, நியாயமான விலை மதிப்பீட்டோடு, பெரும்பான்மை முடிவெடுக்க வழிவிட வேண்டும். வழி விடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோலாலம்பூரின் ஆம்பாங் பார்க்கில் பார்த்தோம். 1973இல் திறந்த நாட்டின் முதல் நவீன மால், கடைகள் தனித்தனி உரிமையாளர்கள் கையில். கடைசியில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்காக அரசாங்கம் நிலக்கையகப்படுத்தல் சட்டத்தைக் கொண்டு எடுத்துக்கொண்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் ஏறியும் பலிக்கவில்லை. 2017 டிசம்பர் 31ஆம் தேதி மூடினார்கள். சேர்ந்து பேசி விற்றிருந்தால் விலையைப் பேச இடம் இருந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. குயின்ஸ்பே போன்ற இடத்தில் நம் சிறுவணிகர் ஒருவர் கடை போடுவது எளிதல்ல. வாடகை கட்டுப்படியாகாது. கட்டினாலும் மூன்று வருஷத்தில் கிளம்பச் சொல்லலாம். உங்கள் சித்தப்பா 90களில் கடை வாங்கியது முட்டாள்தனம் அல்ல. வாடகைக் கட்டுப்பாடு போகப்போகிறது என்று தெரிந்த காலம் அது. யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு சொந்தக் கடை வேண்டும் என்று நினைத்தார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பெட்டிக்கடை வைத்தவர்கள், தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர்கள், எத்தனையோ பேர் அப்படி இபிஎஃப் சேமநிதிப் பணத்தைப் போட்டார்கள். அவர்களுக்கு விற்றவர்கள் சொல்லாமல் விட்டது, மாலில் ஒரு கடை தனியாகப் பிழைக்காது என்பதை.

இப்போது அவர் என்ன செய்யலாம்? முதலில் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 300 சதுர அடிக் கடை, பராமரிப்பு சதுர அடிக்கு 1 ரிங்கிட் 50 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 450. அதில் பத்து விழுக்காடு, பெரிய பழுதுகளுக்கான ஒதுக்குநிதி, 45. ஆக 495 ரிங்கிட். வருஷத்துக்கு 5,940. கடை பூட்டியிருந்தாலும் இது நிற்காது. கதவு வரியும் பார்சல் ரென்ட் என்ற நிலவரியும் தனி. பாக்கி வைத்தால் வருஷத்துக்கு 10 விழுக்காடுவரை வட்டி ஏறலாம். கடையில் உள்ள சாமானைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. பத்து வருஷம் சும்மா வைத்திருந்தால் ஏறக்குறைய 60,000 ரிங்கிட் கையை விட்டுப் போகும். இன்றைக்கு அந்தக் கடைக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

அடுத்து, வளாகத்தில் யார் அதிகக் கடைகளை வாங்கிச் சேர்க்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். நில அலுவலகத்தில் தேடல் செய்தால் தெரியும். ஒரு நிறுவனம் அமைதியாக வாங்கிக்கொண்டே வந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம், பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து ஒரே விலை சொல்லலாம். அப்படி யாரும் இல்லை, பாக்கி ஏறுகிறது, லிஃப்ட் ஓடவில்லை, காப்புறுதி புதுப்பிக்கவில்லை என்றால் வந்த விலைக்கு விற்றுவிடுவது நல்லது. நஷ்டம்தான், ஆனால் அளவோடு முடியும். மலேசியக் குடிமகன் ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தை விற்றால் ஆதாய வரி கிடையாது. விற்காமல் வைத்திருப்பதென்றால் பாக்கியைக் கட்டிவிட்டு ஓட்டுரிமையை மீட்டுக்கொண்டு, நிர்வாகக் குழுவுக்கே போட்டியிடச் சொல்லுங்கள். அங்கே உட்காராமல் குறை சொல்வதில் பலன் இல்லை. நிர்வாகமே கணக்குக் காட்ட மறுத்தால் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

சித்தப்பாவிடம் கடைசி மூன்று வருஷத்து ஆண்டுக்கூட்டக் கணக்கறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நிர்வாக அலுவலகத்தில் உரிமையாளர் என்ற முறையில் கேட்டு வாங்கலாம். அதில் பாக்கித் தொகை எவ்வளவு, ஒதுக்குநிதியில் மிச்சம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளை மட்டும் எழுதி அனுப்புங்கள். வைத்திருப்பதா விற்பதா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.